கவாத்து முடிந்ததும் வருகிறேன்

தாயில்பட்டி,
10-3-1963

அன்புள்ள மாமாவுக்கு, சண்முகத்தாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அத்தைக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கொடைக்கானல் குளிரில் உங்களுக்குப் பிடித்த நெஞ்சுச்சளி விட்டதா என்று எழுதவும்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். "பங்களாவில் என்னைக் கவாத்துக்குப் போட்டிருக்கிறார்கள். கவாத்து முடிந்ததும் வருகிறேன்" என்று இரண்டே வரி எழுதிப் போட்டீர்களே, அது என்ன கடுதாசி? நம் ஊரில் கவாத்து என்றால் போலீசும் பட்டாளமும் காலைத் தூக்கி நடப்பதுதான். சீனாச் சண்டை ஓய்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. நான் வாசித்துக் காட்டியதும் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "எம்புள்ளையப் பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாகளே" என்று தெருவையே கூட்டிவிட்டார்கள். நானும் இரண்டு நாள் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகவில்லை.

என்னை உங்களோடு அனுப்ப மாட்டேன் என்று இரண்டு வருஷமாகப் பிடித்த பிடியை அத்தை அந்த அழுகையில்தான் விட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் விழுந்து, "எம்புள்ள முழுசா வந்தாம்னா மருமகள அவங்கூடவே மலைக்கு அனுப்பிருதேன் தாயே" என்று ஊரறிய வேண்டிக்கொண்டார்கள். பயந்துகிடந்த எனக்கு, அதைக் கேட்டதும் ஓரமாக ஒரு சந்தோஷம் வந்தது. பாவிதான் நான்.

மூன்றாம் நாள், உருளைக்கிழங்கு லோடு ஏற்றிவரும் லாரி டிரைவர் சோலைமலை அண்ணன் நீங்கள் கொடுத்தனுப்பிய குச்சிக்கட்டோடு வந்தார். பட்டாளத்தைப் பற்றி விசாரித்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "செடிய வெட்டுததுக்குப் பேருதாம்மா அங்கன கவாத்து. முட்டைக்கோசுத் தண்டிக்கு நீலமாப் பூக்குமே, அந்த ஐதராஞ்சிச் செடிக்கு" என்றார்.

பனி விட்ட பிறகு, போன வருஷத்துக் காய்ந்த பூவை மட்டும் கீழே தடித்த மொட்டு வரைக்கும் நறுக்க வேண்டுமாம். பழைய குச்சியில்தான் பூ வருமாம். ஒட்ட மொட்டையடித்தால் இந்த வருஷம் இலை மட்டும்தானாமே! உங்கள் கை சும்மா இராது மாமா, பார்த்து வெட்டுங்கள். நீங்கள் அனுப்பிய குச்சிகளைத் தண்ணீர்ப்பானை அடியில் நிழலாக ஊன்றினேன். நம் ஊர் வெக்கையில் மற்றவை கருகிவிட்டன, ஒன்று மட்டும் பச்சையாக நிற்கிறது.

விஷயம் தெரிந்ததும் அத்தை மெல்லக் கழன்றுகொண்டார்கள். "அவன் பட்டாளத்துக்கே போகலையே, பொறவு என்ன நேர்த்திக்கடன்?" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து வீட்டு மாடத்தி மதினிதான், "ஆத்தா காதுல விழுந்தது விழுந்ததுதான், பார்த்துக்கோங்க" என்று அத்தையைப் பயமுறுத்தி வைத்தாள்.

அந்தப் பயத்தில் நேற்று அத்தை சிவகாசிக்குப் போய் மலைக் குளிருக்குக் கம்பளி வாங்கி வந்தார்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு இருக்கிறது. "ஒன்று மாமாவுக்கா?" என்று கேட்டேன். "அவன்கிட்டதான் இருக்கே. இது எனக்கு. உன் சமையல மட்டும் நம்பி எம்புள்ளைய விடுவேனா? நானும் வாரேன்" என்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் நேற்றிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வேலையாட்களுக்குக் கொடுக்கும் வீட்டை மேனேஜரிடம் உடனே கேட்டு வையுங்கள். அம்மன் புண்ணியத்தில் கிடைத்துவிடும். சின்ன வீடாக இருந்தாலும் குறையில்லை. நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் மாமா.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
சண்முகத்தாய்