மேட்டுக் கிழங்கில் அவர்கள் பங்கு

11 ஜூலை 1943

இனிமேல் எதை எழுதினாலும் ஜப்பான்காரன் கணக்கில் 2603 என்றுதான் ஆண்டு போடவேண்டுமாம். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் போடமாட்டேன். என் புருஷன் இருளப்பனைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் அள்ளிக்கொண்டு போனது 1943-இல். ஆளையும் கொடுத்துவிட்டு ஆண்டையும் கொடுக்கவேண்டுமா?

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் இப்போது பெண்களும் பிள்ளைகளும்தான். ஆண் என்று மிச்சமிருப்பவர் கங்காணி பழனியாண்டி, அவரும் கால் ஊனம் என்பதால். அரிசி நின்றுபோயிற்று. சுற்றிலும் பால்மரம். அதைத் தின்ன முடியாது.

2 ஆகஸ்ட்

தோட்டத்துக்குப் பின்னாலிருக்கும் மேட்டைத் திருத்தி மரவள்ளி நடலாம் என்று மருதம்மாள் அக்கா சொன்னாள். நல்ல யோசனைதான். ஆனால் காட்டுமரத்தை யார் சாய்ப்பது? பால்வெட்டும் கத்தியால் பட்டை சீவலாம், மரம் சாயுமா?

மேலே ஓலைத் தட்டி போட்டு இருக்கிற காட்டு ஜனங்களைக் கேட்கலாமே என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"அடி புஷ்பா, அவுங்க மந்திரம் வச்சிருவாங்கடி."

"பசி வைக்கிறத விடவா வச்சிரப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு நானே ஏறிப் போனேன்.

பூசு என்று ஒருத்தி இருந்தாள், என் வயசுதான் இருக்கும். அவளுக்கும் மலாய் அரைகுறை, எனக்கும் அரைகுறை. நீங்கள் மரம் சாயுங்கள், நாங்கள் குச்சி நடுகிறோம், விளைவது இரண்டு பேருக்கும் என்றேன். அவள் சுட்ட காட்டுக்கிழங்கு ஒன்றை என் கையில் வைத்தாள். தின்றேன். சரி என்கிறாளா, போ என்கிறாளா? ஒன்றும் புரியாமல் இறங்கி வந்தேன்.

3 ஆகஸ்ட்

காலையில் நாங்கள் போவதற்குள் அவர்கள் மேட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போதே லயத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

14 ஆகஸ்ட்

இவர்களை எல்லோரும் சக்காய், சக்காய் என்கிறார்கள். பூசுவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அது அடிமையைக் கூப்பிடுகிற பேராம். அவர்கள் கென்சியூ. இந்த நோட்டில் இனி அப்படித்தான் எழுதுவேன்.

அவள் புருஷன் ஹீத்தாம் ஊதுகுழலில் அம்பு வைத்து அணில் அடிக்கிறான். எத்தனை சின்ன அணிலானாலும் எல்லா அடுப்புக்கும் ஒரு துண்டு போகிறது. மேட்டில் வேலை செய்கிற எங்களுக்கும்தான். நன்றி சொன்னேன். பூசு முகத்தைச் சுளித்தாள். கொடுக்கவேண்டியதைக் கொடுத்ததற்கு எதற்கு இந்தப் பேச்சு என்கிற மாதிரி.

21 நவம்பர்

மழை. மரவள்ளி இடுப்புக்கு வந்துவிட்டது. சயாம் போன என் புருஷனிடமிருந்து சேதி இல்லை.

3 ஏப்ரல் 1944

கிழங்கு முற்றிவிட்டது. பழனியாண்டி மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டு, மஞ்சள் கயிற்றில் வேப்பிலை கட்டிவிட்டார். முனியாண்டிக்குப் பூசை போட்ட பிறகுதான் கிழங்கில் கை வைக்கவேண்டும். எங்கள் வழக்கம் அதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

"பூசு ஆளுங்ககிட்டச் சொன்னீங்களா கங்காணியாரே?"

"அத வேற சொல்லணுமா? காப்புக் கட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியாதா?"

தெரியும். வேப்பிலையாகத் தெரியும். நாளைக்குப் போய் நானே சொல்லவேண்டும்.

5 ஏப்ரல்

நேற்றுப் போக முடியவில்லை. பாப்பம்மாவின் பிள்ளைக்கு வலிப்பு, நாள் முழுக்க அங்கேயே கிடந்தேன்.

இன்று விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் மரவள்ளி. எல்லா வாசலிலும். ஒன்றுக்கொன்று கூடாமல் குறையாமல் குவியல். பழனியாண்டி வாசலிலும்கூட. கிழங்கு விளைந்துவிட்டது, பிள்ளைகள் பசியில் கிடக்கின்றன, அதனால் தோண்டிப் பங்கு வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான் விஷயம்.

பழனியாண்டி அறுந்த கயிற்றைப் பார்த்துவிட்டார். மேட்டில் நின்ற ஹீத்தாமை இழுத்து வந்து பால்மரத்தில் கட்டிப்போட்டு, பிரம்பை எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"சாமிக்கு முன்னாடி கை வச்சிட்டான். திருட்டுப் பய!"

"எந்தத் திருடன் கங்காணியாரே, திருடினத உங்க வாசல்லயே கொண்டாந்து வச்சிட்டுப் போவான்?"

"சுங்கைப் பட்டாணியில மளிகைக்கடைக்காரன் மவ நீ. எங்க சாமி வெசயத்துல பேசாத."

"பசிச்ச புள்ளைக்கு முன்னாடி எனக்கு வைன்னு கேக்குற சாமின்னா, நா கும்பிடல, போங்க!"

சொல்லிவிட்டுக் கயிற்றை அறுத்தேன். ஹீத்தாம் மேடேறிப் போய்விட்டான்.

6 ஏப்ரல்

மேலே போய்ப் பார்த்தேன். ஓலைத் தட்டிகள் நிற்கின்றன. ஆள் ஒருவரும் இல்லை. ஊதுகுழலோடு சண்டைக்கு வருவார்கள் என்று லயமே பயந்துகொண்டிருந்தது. அவர்கள் சண்டைக்கு வரவில்லை. போய்விட்டார்கள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

29 ஏப்ரல்

பூசை நடந்தது. அதற்குப் பின்னாலேயே காட்டுப்பன்றி வந்தது. இத்தனை நாள் அதை விரட்டிக்கொண்டிருந்தது யார் என்று இப்போதுதான் எல்லோருக்கும் தெரிகிறது. பழனியாண்டி தகரத்தைத் தட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடுகிறார். பன்றி அவரை மதிக்கவே இல்லை. பாதிக் கிழங்கு போயிற்று. பாப்பம்மா பிள்ளைக்குப் பட்டினியில் கால் வீங்கிவிட்டது. இன்னும் ஒரு விளைச்சல் இப்படிப் போனால் பிள்ளைகள் பிழைக்காது.

8 மே

மருதம்மாள் அக்காவும் நானும் ஓடையைப் பிடித்துக்கொண்டே காட்டுக்குள் போனோம். "வழி தெரியாமச் செத்தா உன்னத்தான்டி புடிச்சிக்குவேன்" என்று அவள் வழியெல்லாம் வைதுகொண்டே வந்தாள். அவித்த மரவள்ளி ஒரு கூடை.

கண்டுபிடித்துவிட்டோம். மன்னிப்பு, கெஞ்சல் எல்லாம் மனசில் கோத்து வைத்திருந்தேன். அவர்களைப் பார்த்ததும் அதெல்லாம் வேண்டாம் என்று தோன்றியது. ஒவ்வொரு அடுப்பாகப் போய் ஒவ்வொரு பங்கு வைத்தேன். பூசு கடைசியில் கேட்டாள்:

"அந்த நொண்டிக்கு வச்சியா?"

"வச்சிட்டுத்தான் வந்தேன்."

அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் புருஷனை லாரியில் ஏற்றியபோதுகூட நான் யார் முன்னாலும் அழவில்லை.

15 மே

வந்துவிட்டார்கள்! தட்டிகளுக்குப் புது ஓலை போட்டாயிற்று. பன்றி தின்ற இடத்திலெல்லாம் சேர்ந்து மறுபடி குச்சி நட்டோம். ஹீத்தாம் பன்றி ஒன்றை வீழ்த்தினான். எல்லா வாசலிலும் கறி. பழனியாண்டி வாசலில் அது வெகுநேரம் கிடந்தது. அப்புறம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

4 பிப்ரவரி 1945

ஜப்பான் லாரி வந்தது. சத்தம் கேட்டதுமே மேலே இருந்தவர்கள் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். துபாசி எங்களை வெயிலில் நிறுத்தி வைத்துப் பேசினான். காட்டு ஆட்கள், காட்டில் ஒளிந்து ஜப்பானோடு சண்டை போடுகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்களாம். இருக்கிற இடத்தைக் காட்டினால் லாரியில் இருக்கிற அரிசி லயத்துக்காம். மூட்டையின் வாயை அவிழ்த்தே காட்டினான். எத்தனை நாளாயிற்று வெள்ளை அரிசியைப் பார்த்து! பிள்ளைகள் கண்ணை எடுக்கவில்லை.

பழனியாண்டி காலை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். முடிந்தது என்று நினைத்தேன். போச்சு, பூசு போச்சு, எல்லாம் போச்சு—

"மேட்டுல வேல செய்யறது நாங்க மட்டுந்தான் தொரை. வேற ஆளு கெடையாது."

"மரத்தைச் சாய்த்தது யார்?"

"எங்க பொம்பளைங்க."

"மேலே ஓலைத் தட்டி இருக்கிறதே?"

"பன்னிக் காவலுக்கு நாங்க போட்டதுலா."

துபாசி அறைந்தான். விழுந்தவரை எழுப்பி, தலைக்கு மேல் கல்லைத் தூக்கச் சொல்லி நிறுத்திவைத்தான். சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தான். இவரும் அதையே சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகள்கூட. லாரி அரிசியோடு திரும்பிப் போயிற்று.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதடு கிழிந்திருந்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா பாக்குற? லாரி தொலஞ்சிருச்சின்னு மேல போயி பூசுகிட்டச் சொல்லு. கெழங்கு முத்திக் கெடக்குது, நாளைக்கு வந்து கூட நின்னு புடுங்கச் சொல்லு."

"பூசை போடலியே கங்காணியாரே?"

"முனியாண்டிகிட்ட நா பேசிக்கிறேன். நீ போ."

மேட்டு வழியாக ஏறிப் போனேன். போன வாரம்கூட நின்ற முள்வேலியைக் காணவில்லை. எப்போது பிரித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.