நெருங்கிய உறவினர்: இல்லை

மணிலா,
9 அக்டோபர் 2005

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நெனா அத்தை கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, வழக்கம்போலப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? போனில் பேசினால் நான் அழுது முடிப்பதற்குள் உங்கள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

டிவி பாட்டுப் போட்டியில் கடைசிப் பன்னிரண்டு பேரில் நானும் இருக்கிறேன், அப்பா! நம் ஊர் இலோயிலோவிலிருந்து நான் ஒருத்திதான். டிவியில் என் பெயர் எலின் மார். எர்லிண்டா பபாலான் என்றால் பல் டாக்டர் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறதாம்.

இனிமேல்தான் விஷயம். பாடுவதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் மூன்று நிமிடம் காட்டுவார்கள். அதை எடுப்பவர் செஸ்கா என்ற அக்கா. எனக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள், அப்பா கப்பலில் இருக்கிறார் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்பா கப்பல்ல இருக்காருன்னா யாரும்மா அழுவா? இந்த ஊர்ல பாதி வீட்டு அப்பன் கப்பல்லதான் இருக்கான். போனவரு திரும்பி வரலைன்னாத்தான் அது கதை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சியில், எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது நீங்கள் கடலில் மூழ்கிப் போனதாகச் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தில் அழுதேன். காமிராவுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்கு எனக்குத்தான் எல்லோரையும்விட அதிகமான எஸ்.எம்.எஸ். ஓட்டு.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை, அப்பா. அடிப்பதென்றால் வந்து அடியுங்கள்.

உங்கள் செல்ல மகள்,
லிண்டிங்

*

சாண்டோஸ் துறைமுகம், பிரேசில்,
27 நவம்பர் 2005

என் கண்ணு லிண்டிங்குக்கு,

செத்துப்போன அப்பா எழுதிக்கொள்வது. உன் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற பையனின் பெண்டாட்டி ஊரில் டிவி பார்த்துவிட்டுப் போனில் ஒப்பாரி வைத்தாளாம். பயல்கள் சும்மா இருப்பார்களா? சாப்பாட்டு மேசையில் எனக்கு மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். இரண்டாம் முறை சோறு கேட்டால் சமையல்காரன், "செத்தவனுக்கு எதுக்குடா ரெண்டாவது தட்டு? வாசம் பிடிச்சாப் போதாதா?" என்கிறான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எங்கள் மாலுமிகளுக்கு மேஸ்திரியான போசன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் கடலில் இருந்தவர். மெழுகுவத்தியை அணைத்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "பிலோ, உன்னைக் கடல் கணக்குல எழுதிட்ட மாதிரி ஆயிடுச்சு. சீக்கிரம் ஊருக்குப் போ. அந்தப் பொண்ணு தலைல கைய வச்சு, நான் இருக்கேன்னு சொல்லிட்டு வா."

உன் மேல் கோபம் இல்லை. நீ பாடினால் போதும் எனக்கு. போட்டி முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடு. இன்னும் ஒரு மாதம் செத்துக் கிடக்கலாம். அதற்குமேல் உடம்புக்கு ஆகாது.

உன் அப்பா,
தியோபிலோ

*

மணிலா,
2 ஆகஸ்ட் 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு எழுத இத்தனை மாதம் கை வரவில்லை. இரண்டாம் இடம் வந்தது உங்களுக்குத் தெரியும். என் முதல் பாட்டைப் பேருந்தில், சந்தையில், முடிவெட்டும் கடையில்கூடக் கேட்கிறேன். கடலில் போன அப்பாவை மகள் கூப்பிடுகிற பாட்டு. என்ன பாட்டாக இருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அந்தப் பாட்டைப் படம் எடுக்க நம் ஊர்க் கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். பெயர் பொறிக்கவில்லை. 'என் அப்பா, கடலோடி' என்று மட்டும் இருக்கிறது. படம் எடுத்து முடித்தும் அதை எடுக்கவில்லை. ரசிகர்கள் பூ வைக்கிறார்கள். நெனா அத்தை அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

செஸ்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சொல்லு. அடுத்த நிமிஷம் பாட்டு செத்துரும், நீயும் செத்துருவே" என்றார்.

அப்பா, உங்கள் ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது இல்லையா? இந்த ஒரு முறை மட்டும் ஊருக்கு வராமல் இன்னொரு கப்பல் ஏற முடியுமா? இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

லிண்டிங்

*

இலோயிலோ,
3 நவம்பர் 2006

லிண்டிங்குக்கு,

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நம் புளுகு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. நாம் ரொம்பக் கெட்டிக்காரர்கள்.

நீ வேண்டாம் என்றாய், இருந்தும் நான்கு நாள் வந்தேன். கோபிக்காதே. அத்தையைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தேன். முந்தாநாள், செத்தவர்களுக்கு விளக்கேற்றும் திருநாளில், எல்லோரும் கல்லறைக்கு மெழுகுவத்தியும் பலகாரமுமாகப் போனபோது நானும் தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு போனேன். என் கல்லைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி என் கையில் மெழுகுவத்தியைத் திணித்தாள். "நீங்களும் ஒண்ணு ஏத்துங்க மாமா. ரொம்ப நல்ல மனுஷனாம்."

"எனக்குத் தெரிஞ்சு சுமாரான ஆளுதான்" என்றேன். என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

ஏற்றினேன். எனக்கு நானே ஏற்றிக்கொண்டேன். அப்போது நீ வந்தாய், காமிராக்களோடு. கறுப்பு உடையில் இளைத்திருந்தாய். நீ பாடும்போது நான் இருபதடி தூரத்தில் இருந்தேன். உன் தலைமேல் கை வைக்க முடியவில்லை. போசன் கேட்டால் என்ன சொல்வேனோ.

புதுக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'டோன்யா ரெமெடியோஸ்'. புது என்பது எனக்குத்தான், கப்பலுக்கு என் வயதாகிறது. படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: நெருங்கிய உறவினர், ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. எப்போதும் உன் பெயர்தான் எழுதுவேன். இந்த முறை 'இல்லை' என்று எழுதினேன். கம்பெனிக்காரன் எப்போதாவது உனக்குப் போன் செய்து, அது பத்திரிகைக்காரன் காதுக்குப் போனால் உன் பிழைப்பு என்ன ஆவது?

நன்றாகச் சாப்பிடு.

அப்பா

*

மணிலா,
11 ஜூன் 2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நீலத் தொப்பி. நான் உங்களைப் பார்த்தேன்.

அன்றே எழுதியிருக்க வேண்டும். பார்த்தேன், பாட்டை நிறுத்தவில்லை. குரல் நடுங்கியது. அதையும் பாராட்டி எழுதினார்கள். ஏழு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

இரண்டாவது ஆல்பம் விலைபோகவில்லை. புதுப் போட்டி, புதுப் பெண்கள். செருப்புக் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவில் மேடை போட்டு மால்களில் பாடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு இசை நாடகத்தில் எனக்குக் கதாநாயகி வேடம் கிடைத்திருக்கிறது. துறைமுகத்தில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் பெண். வாரத்துக்கு எட்டுக் காட்சி. முதன்முறையாக வேலை கற்கிறேன். இயக்குநர் ட்ரினி மேடத்துக்கு என் அழுகை பிடிக்கவில்லை. "நல்லா அழறே. ஆனா உன்கிட்ட பயமே இல்லியே. காத்திருக்கிறவளுக்கு மொதல்ல பயம்தான் வரும்" என்கிறார்.

முதல் காட்சி நவம்பர் 16. டி வரிசை, பதினான்காம் இருக்கை உங்களுக்கு. காட்சி முடிந்து எல்லோரும் வணங்கும்போது இறங்கிவந்து உங்கள் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போவேன். 'இவர் என் அப்பா, சாகவில்லை' என்று சொல்வேன். பிறகு நடப்பது நடக்கட்டும். செஸ்காவிடம் சொல்லவில்லை. சத்தியம், அப்பா.

உங்கள் லிண்டிங்

*

சுலவேசி, இந்தோனேசியா,
25 அக்டோபர் 2007

என் கண்ணு லிண்டிங்குக்கு,

வருவேன். சட்டையே வாங்கிவிட்டேன், கல்யாண மாப்பிள்ளை போடுவது மாதிரி. சரக்கைச் சீனாவில் இறக்கியதும் நான் கப்பலை விட்டு இறங்கி விமானம் ஏறிவிடுவேன். இறங்கியதும் முதல் வேலை, அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதச் சொல்வது.

இங்கே பத்து நாளாக மழை. நிக்கல் மண் ஏற்றுகிறார்கள். நனைந்த மண். காலை வைத்து அழுத்தினால் தண்ணீர் ஊறுகிறது, கஞ்சி மாதிரி. கப்பல் ஆடினால் இதுவும் சேர்ந்து ஒரே பக்கம் ஓடும். காப்டனிடம் சொன்னோம். "மேலதான் ஈரம், கீழ காஞ்சிருக்கும்" என்கிறார். எல்லோரும் அதை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

டி, பதினான்கு. மறக்க மாட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்காருவேன்.

உன் அப்பா

*

மணிலா,
17 நவம்பர் 2007

அப்பா,

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில்தான் வந்தது. நீங்கள் வரவேண்டிய நாளும் கடந்துவிட்டது, போனும் இல்லை; என்மேல் கோபமாக்கும் என்று நினைத்திருந்தேன். உறையைப் பிரித்த கையோடு வானொலியில் செய்தி சொன்னார்கள். லூசோன் தீவுக்கு வடக்கே 'டோன்யா ரெமெடியோஸ்' கவிழ்ந்துவிட்டது. இருபத்திரண்டு பேரில் மூன்று பேரை மீட்டிருக்கிறார்கள். பெயர்களை உறவினருக்கு மட்டுமே சொல்வார்களாம்.

அத்தை போனில் கத்தினாள்: "மணிலால நீதானேடி இருக்கே! போய்க் கேளுடி!"

போனேன். கப்பல் கம்பெனிக் கூடம் முழுவதும் மனைவிமாரும் அம்மாமாரும், கையில் ஜெபமாலையோடு. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "எலின் மார் மேடம்! இவங்களுக்கு ஆறுதல் சொல்லவா வந்தீங்க? பெரிய மனசு மேடம் உங்களுக்கு." பின்னால் நின்ற ஒரு அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "உனக்குத்தாம்மா எங்க வலி தெரியும். உங்கப்பாவையும் கடல்தானே கொண்டுபோச்சு. அந்தப் பாட்டை ஒருதரம் பாடும்மா."

உங்கள் பெயர் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் பாடினேன், அப்பா. மூன்று சரணமும் பாடினேன். எல்லோரும் அழுதார்கள், என் கையை முத்தமிட்டார்கள். ஒன்றும் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் முதல் காட்சி. ட்ரினி மேடம் ஓடிவந்து அணைத்துக்கொண்டார். "இன்னிக்குத்தாண்டி பயம் வந்துச்சு. இதை விட்டுடாதே." வணங்கும்போது பதினான்காம் இருக்கையைப் பார்த்தேன். யாரோ அதன்மேல் கைப்பையை வைத்திருந்தார்கள். அங்கேயும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முடியாது. நாளைக் காலையில் அதே கவுன்டரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். உறைமேல் எழுதிவிட்டேன்: பெறுநர், தியோபிலோ பபாலான், 'டோன்யா ரெமெடியோஸ்'. அனுப்புநர், அவர் மகள். என் வாய் மறுபடி துரோகம் செய்தாலும் கவுன்டரில் இருப்பவர் அதைப் படிப்பார் அல்லவா?

படித்துவிட்டு உங்கள் படிவத்தைப் பார்ப்பார். உறவினர் 'இல்லை' என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். நான்தான் மகள் என்று சொல்வேன். என் பொய்யை நாடே ஒரே நாளில் நம்பியது. இதை அந்த ஒரு ஆள் நம்ப வேண்டும்.

அந்த மூன்று பேரில் ஒருவராக இருங்கள், அப்பா.

எர்லிண்டா பபாலான்,
தியோபிலோ பபாலானின் மகள்