தமிழ்ச் சங்க மேடையில் தனலெட்சுமி

5 செப்டம்பர் 1939, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சுங்கை பினாங்கு வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடப்பதற்குள் சேலைக்கரை முழுக்கச் சேறு. ஐரோப்பாவில் சண்டை மூண்டுவிட்டது. நம் பையன்கள் என்னமோ நேற்றே போய் நாலு பேரைச் சுட்டுவிட்டு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்கள்.

மாலையில் தமிழ்ச் சங்கக் கூட்டம். பெண்கள் ஐந்து பேருக்கும் வழக்கம்போல் பின்வரிசை, முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றும் உத்தியோகம். மேடையில் முத்துவீரப்பன் பேசினான். பினாங் ஸ்திரீட் செட்டியார் கடைப் பிள்ளை, பாவம், நன்றாகப் படிப்பான், மேடையேறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருந்த தனலெட்சுமி என் காதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இவள் அல்லவா அங்கே நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அதைக் கேட்டது நான் ஒருத்தி மட்டும்தான் என்பது எரிச்சலாக இருந்தது.

21 செப்டம்பர், வியாழன்

சங்கத்தின் நல்ல பேச்சாளர்கள் இரண்டு பேரும் தொண்டர் படையில் சேர்ந்து முகாமுக்குப் போய்விட்டார்கள். கால்பந்துக் குழுவிலும் பாதி ஆள் இல்லை. நாடகக் குழுவில் ராஜா இருக்கிறார், படைதான் இல்லை.

9 அக்டோபர், திங்கள்

பட்டணத்து வாலிபர் சங்கம் எங்களைப் பட்டிமன்றத்துக்கு அழைத்திருக்கிறது. ‘போர்க்காலத்தில் மாணவர் சங்கங்களை மூடிவிட வேண்டும்’ என்பது பொருள். மூடக்கூடாது என்பது எங்கள் கட்சி. முத்துவீரப்பனோடு பேச இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் தலைவர் ஜெயராஜ் நல்லவன், ஆனால் அவசரக்காரன். “ஆள் இல்லே, விட்டுடலாம்லா” என்றான்.

“பின்வரிசைல ஆள் இருக்கு. நீங்க திரும்பிப் பாக்கல, அவ்வளவுதான்” என்றேன்.

முதலில் சிரித்தான். பிறகு தனலெட்சுமியைப் பார்த்து, “பேசுவீங்களா?” என்று கேட்டுவிட்டான். அவள் என் தொடையைக் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. ஆனால் ‘சரி’ என்றாள்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அப்பா சின்னையாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை ஊரில், ரயில்வே யார்டில் வேலை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பேச்சையும் மீறித்தான் மகளைப் படகேற்றிப் படிக்க அனுப்புகிறார். தைப்பிங்கில் தபால் ஆபிஸ் மாப்பிள்ளை வேறு பேசி வைத்திருக்கிறார்கள்.

“ஊர் வாய்ல பேர் அடிபட்டா படிப்ப நிறுத்திடுவேன்னு அப்பா மொதல் நாளே சொல்லிட்டாரு, குணா.”

“பிறகு ஏன் சரின்னே?”

“கேட்டுட்டாங்களே. இனிமே யாரு கேக்கப்போறா?”

எனக்கு அந்தத் தைரியம் வராது. அடுத்தவளைத் தள்ளிவிடுகிற தைரியம் மட்டும் நிறைய இருக்கிறது.

20 அக்டோபர், வெள்ளி

படகுத்துறையில் நின்று அவள் பேசிப் பழக, நான் எதிர்க்கட்சி. மூன்று தடவையும் தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன்.

28 அக்டோபர், சனி

இன்று பட்டிமன்றம். முறையாக எழுத வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. தைப்பிங் மாப்பிள்ளையின் தாய்மாமன் மூன்றாவது வரிசையில் இருப்பதைத் தனலெட்சுமிதான் எனக்குக் காட்டினாள். அவள் அப்பாவுக்கு இன்று யார்டில் முறை, வரவில்லை.

பேச்சாளருக்குத் தலைவர் மாலை போடுவது சங்க வழக்கம். பெண் மேடையேறினால் யார் போடுவது? ஒருத்தருக்கும் அது தோன்றவே இல்லை, ஏனென்றால் இதுவரை ஒரு பெண்ணும் ஏறியதில்லை. ஜெயராஜ் வழக்கம்போல எதிர்க்கட்சிக்காரர்கள் கழுத்தில் போட்டான், முத்துவீரப்பன் கழுத்தில் போட்டான், அதே வேகத்தில் திரும்பி அவள் கழுத்திலும் போட்டுவிட்டான்.

ஐயோ, அந்த நொடி. கல்யாணமாகாத பொண்ணு கழுத்துல, ஒரு வாலிபன், அத்தனை ஜனத்துக்கு முன்னால! பின்னாலிருந்து ஒருத்தன் “கெட்டி மேளம்” என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. ஜெயராஜ் முகம் செத்துப்போயிற்று. நான் எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன்.

அவள் மாலையைக் கழற்றினாள். அவசரமில்லாமல் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“தலைவர் அவர்களே, நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசாதவளுக்கு மரியாதை எதற்கு? முதலில் கேளுங்கள்.”

சிரிப்பு நின்றது. பிறகு பேசினாள் பாருங்கள்! போர் வந்ததும் ஊரில் விளக்கை அணைக்கத்தான் சர்க்காரில் ஒத்திகை வைத்தார்கள், வாயை அடைக்க யாரும் ஒத்திகை வைக்கவில்லை என்றாள். முகாமுக்குப் போனவர்கள் திரும்பி வந்து உட்காரும்போது அவர்களோடு சண்டைபோட இங்கே ஆள் இருக்க வேண்டாமா என்றாள். முதலில் கத்தியவனே கை தட்டினான். நடுவர் எங்கள் கட்சிக்குத் தீர்ப்புச் சொன்னார்.

மாப்பிள்ளையின் மாமா அதற்கு முன்பே எழுந்து போயிருந்தார்.

30 அக்டோபர், திங்கள்

பிறைப் படகில் அவள் வரவில்லை.

2 நவம்பர், வியாழன்

இன்றும் இல்லை. ஜெயராஜ் சங்கத் தலைமையை விடப்போகிறேன் என்கிறான். அதனால் அவளுக்கு என்ன லாபம் என்று கேட்டேன்.

5 நவம்பர், ஞாயிறு

தாங்கவில்லை. நானே படகேறிப் பிறைக்குப் போனேன். ரயில்வே வீட்டு வாசலில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், குரல் அதைவிட மெலிசு.

“படிச்சது போதும்மா. மாப்பிள்ளை வீட்டுல, இனிமே மேடை கீடைன்னு போகாம இருந்தா கட்டிக்கிறோம்னு சொல்லியனுப்பிட்டாங்க. நல்ல மனுசங்க.”

உள்ளே அடுப்படியில் அவள் நிற்பது தெரிந்தது. என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

“ஐயா, அவ என்ன பேசுனான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“மாலை விசயம்தானே? யார்டுல எல்லாரும் சொன்னாங்க.”

“மாலை இல்லீங்க. பேச்சு. அவ பேசுன பேச்சு.”

தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன். படகில் வரும்போது அழுதேன். ஏன் அவளை இதில் இழுத்துவிட்டேன்? ஆனால் அன்று மேடையில் அவளைப் பார்க்காமல் இருந்திருக்கவும் எனக்குச் சம்மதமில்லை.

10 நவம்பர், வெள்ளி

தீபாவளி. பலகாரம் இறங்கவில்லை.

14 நவம்பர், செவ்வாய்

வந்துவிட்டாள்! தூரத்திலேயே நடையைப் பார்த்துக் கண்டுகொண்டேன்.

நான் போன அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா கேட்டாராம், “அன்னிக்கு என்னதான் பேசுன? சொல்லு, கேப்போம்.” இவள் அடுப்படியிலேயே நின்று முழுப் பேச்சையும் பேசியிருக்கிறாள். அவர் கை கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைசியில், “அத்தனை பேரும் மாலையைச் சொன்னானுங்க. இதை ஒருத்தனும் சொல்லலியே” என்றாராம்.

தீபாவளி கழிந்த ஞாயிறு ரயிலேறித் தைப்பிங் போய், “பொண்ணு பேசுவா, சம்மதம்னா பாருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பியிருக்கிறார். அவர்களுக்குச் சம்மதமில்லை.

“வருத்தமா?” என்று கேட்டேன்.

“அப்பாவுக்குத்தான். எனக்குப் பசிக்குது, ஏதாச்சும் வாங்கிக் குடு.”

25 நவம்பர், சனி

சங்கத்துக்குள்ளேயே ஒரு விவாதம். ‘மலாயாவை வாழவைப்பது ரயிலா, கப்பலா?’ சீட்டுப் போட்டதில் தனலெட்சுமிக்குக் கப்பல் விழுந்தது. பேச்சாளர் எல்லாருக்கும் இம்முறை நான் மாலை போட்டேன். முத்துவீரப்பன்தான் கூச்சப்பட்டு இரண்டடி பின்னால் போனான். மாலையை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

சின்னையா வந்திருந்தார். ரயில்வே கோட்டுப் போட்டுக்கொண்டு, நாங்கள் உட்காரும் பின்வரிசையில், தேத்தண்ணிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மகள் ரயிலைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். ரயில் தண்டவாளம் போட்ட இடத்துக்கு மட்டும் போகும், அந்தத் தண்டவாளமே கப்பலில்தான் வந்தது என்றாள். நான் அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் கடைசி வாதத்துக்கு வரும்போது ஜெயராஜ், “நேரம் முடிந்தது” என்றான்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். சின்னையா எழுந்து நின்றார். அந்த மெலிந்த குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஐயா, கொஞ்சம் பொறுங்க. எம் பொண்ணு இன்னும் முடிக்கல.”