மெஷினுக்குக் காட்டிய கற்பூரம்

கிளேட்டன், மெல்பேர்ன்
17.9.1978

அன்பு மகள் யோகராணி அறிவது,

நாங்கள் சுகம். வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை, ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த உண்மையான சுகம். லண்டனில் நீயும் மருமகனும் உன் மாமியாரும் அப்படியே இருக்கவேண்டும். உன் சிறிதரன் மாமா வெள்ளிக்கிழமை விடுதலையாகிவிட்டான். இப்போது குசினியில் நின்று என் சட்டிக்குள் கரண்டியை விட்டு, கறிக்கு உப்புக் காணாதென்று குற்றம் பிடிக்கிறான்.

போன வருஷம் ஆயுத பூசையன்று காலை, டண்டினொங் தொழிற்சாலையில் அவன் தன் மெஷினுக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டியதும், பின்னேரம் அங்கே தீப்பிடித்ததும் உனக்குத் தெரியும். பெப்ரவரியில் ஜூரியின் பன்னிரண்டு பேரும் அவன்தான் வேண்டுமென்று கொளுத்தினான் என்றார்கள், சிறையில் மூன்று வருஷ மறியல். தீ தொடங்கியது கட்டடத்தின் மற்றக் கோடியில், பழுதான வயரில் என்று தீயணைப்பு அதிகாரி அப்போதே சாட்சி சொன்னவர். ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொன்ன நீதிபதி அதை விட்டுவிட்டு, இவன் நெருப்பைக் கும்பிடுகிறவன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பீலில் மூன்று நீதிபதிகள். அதில் ஒருவர் அரசாங்க வழக்கறிஞரிடம், பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரி கொளுத்துகிறவர்களையும் பிடிப்பீர்களா என்று கேட்டார். நீதிமன்றம் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கற்பூரத்துக்கும் பெப்ரவரியில் இப்படித்தான் சிரித்தார்கள். கடைசியில், இந்தச் சாட்சியத்தை வைத்து எந்த ஜூரியும் நியாயமாகக் குற்றவாளி என்று சொல்லியிருக்க முடியாது, தீர்ப்பு நிற்காது, மறுவிசாரணையும் வேண்டாம் என்று முடித்தார்கள். காவலாளி கதவைத் திறந்துவிட்ட பிறகும் மாமா கூண்டை விட்டு இறங்கவில்லை. அப்பாதான் போய், "வாடா மச்சான், பஸ் போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார். பஸ்ஸில் வீடுவரை மூவரும் பைத்தியங்கள் மாதிரிச் சிரித்தோம்.

வயரை மாற்றாத முதலாளியை இன்றுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் அந்தப் பன்னிரண்டு பேரையும் திட்ட, மாமா சொன்னான்: "அக்கா, அவங்கள் பொல்லாதவங்கள் இல்லை. எங்களைத் தெரியாது, அவ்வளவுதான். தெரிஞ்ச ஆக்கள் என்ன செய்தவை?"

அது எனக்குத்தான், பிள்ளை. அவன் சிட்னியில் வேலை செய்கிறான் என்று உன் மாமியாரிடம் உன்னைச் சொல்லச் சொன்னவள் நான். கோயில்காரருக்கும் அதையே சொன்னேன். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே ஒளித்தேன்.

குளிருக்குள் வேலைக்கு ஓடும்போது காதைப் போர்த்திக்கொள், கடையில் வாங்கும் பாண் ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுக்காதே. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவருக்கும் தலை குனியாமல் வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: இந்தக் கடிதத்தை மடித்து வைக்காமல் உன் மாமியாருக்கு முன்னால் இருந்து, மறியல் என்ற சொல்லையும் விடாமல், சத்தமாக வாசி.

உன் அன்பு அம்மா,
அ. சிவனேஸ்வரி