உத்திரத்துக்குச் சாட்சி

புதுச்சேரி
12.11.1979

புஷ்பமேரிக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்றுதான் எழுதுகிறேன். நீ உன் அக்கா வீட்டுக்குப் போனதைப் பற்றி அல்ல; வழக்கைப் பற்றி.

கொத்தனார் தேவதாஸ் பழைய உத்திரத்தையே வைத்துக் கட்டியதால்தான் சமையலறைக் கூரை விழுந்தது. புது உத்திரம் என்பதுதான் பேச்சு. அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. "நீங்க பேசினதை யார் சார் கேட்டாங்க?" என்றார் வக்கீல் ஜானகிராமன். நம் அகஸ்டினாவின் ஞானஸ்நான விருந்தில் தேவதாஸ் என் பிரெஞ்சைக் கேலி செய்ததிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை, எல்லாம் மனைவி மூலமாகத்தான் என்றேன். வக்கீல் பேனாவை மூடினார். "அப்ப அம்மாதான் சாட்சி."

26ஆம் தேதி கோர்ட்டுக்கு வா. நான் சொன்னதை அவனிடம் சொன்னதாகச் சொன்னால் போதும். பஸ் செலவு தருகிறேன்.

அருளானந்தம்


பிள்ளைச்சாவடி
17.11.1979

அன்புள்ள அகஸ்டினா அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் இருமல் எப்படி? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே.

அன்று நீங்கள் உள்ளறையில் பேப்பர் படித்தபடி, "புது உத்திரம் போடச் சொல்லு. அதுக்குன்னு தனிக் கூலி ஒரு காசு கூடக் கெடையாதுன்னும் சொல்லு" என்றீர்கள். கொல்லையில் நின்ற தேவதாஸ் அண்ணன், எப்போதும்போல் பிரெஞ்சு மரியாதையில், "முசியே என்னா சொல்றாரு?" என்றார். கூலி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பழசே இருக்கட்டும்ணே" என்றுவிட்டேன். "தாங்காது தங்கச்சி, இன்னொரு தடவ கேட்டுட்டு வா" என்றார். வந்து உங்கள் முன் நின்றேன். நீங்கள் நிமிரவில்லை. திரும்பிப் போய், "சரின்னுட்டாரு" என்றேன்.

கூரை விழுந்த அன்றே சொல்லியிருப்பேன். அன்றோடு என்னிடமும் பேச்சை நிறுத்திவிட்டீர்கள்.

கூப்பிட்டால் வருகிறேன். வந்தால் இதைத்தான் சொல்வேன்.

கஷாயம் போட்டுக் குடியுங்கள்.

இப்படிக்கு,
புஷ்பமேரி


புதுச்சேரி
22.11.1979

புஷ்பம்,

இருமல் இருக்கிறது.

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டேன். வக்கீல் காரணம் கேட்டார். சாட்சி இல்லை என்றேன். நீ வர வேண்டியதில்லை.

நேற்று தேவதாஸ் வந்தான். கொல்லையில் நின்று, "முசியே, மரம் மட்டும் வாங்கி வைங்க. கூலி வேணாம், போட்டுத் தர்றேன்" என்றான். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. யாரிடம் சொல்லி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன்னை வரச் சொல்லி எழுதலாம். எழுதினால், அவனிடம் பேச ஆள் வேண்டுமென்று கூப்பிடுவதாக நினைப்பாய். அப்படி இல்லை என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் என்ன எழுதுவதென்று யோசித்தேன். பெயரை மட்டும் போட்டால் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'உன் அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். தபால் எடுக்கும் நேரம் ஆகிறது. கையெழுத்தில்லாமலே பெட்டியில் போட்டுவிடுகிறேன்.