கண்ணுக்குப் பின்னால் ஓர் ஊசி

திண்டிவனம், 11 ஜூலை 1938, திங்கள்

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைவாரி உட்கார வைத்தோம். வரவில்லை. மழை என்று ஒரு சாக்கு.

வீட்டுக்கு வந்தால் இவர் வலது நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் வைத்துவிட்டுப் போன கேப்பைக் கஞ்சியில் ஈ மொய்க்கிறது. தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். "இன்னும் சூடா வை" என்கிறார். தோல் ஏற்கனவே கன்றிப்போயிருக்கிறது. இன்னும் எவ்வளவு சூடு?

வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம் இல்லையா? சவுரிராயன். விழுப்புரம் ரயில் ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேனாக இருந்தவர். மகள் ஜெயம் என் வயிற்றில் இருந்தபோதே இரண்டு கண்ணும் போய்விட்டன. உள்ளே நீர் அழுத்தம் ஏறியதாம். போனதோடு விட்டதா? பார்வை இல்லாத கண்ணுக்கு வலி மட்டும் எதற்கு?

14 ஜூலை

ஆஸ்பிரின் தீர்ந்துவிட்டது. இருந்தபோதும் வலி கேட்கவில்லை.

23 ஜூலை, சனி

விழுப்புரம் போய் வந்தோம். ரயிலில் ஏறினாலே இவருக்கு முகம் மாறிவிடுகிறது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நிற்பதற்கு முன்பே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "பிரேக்கு போடறானே, இவன் மாட்டு வண்டி ஓட்டினவனா?" என்று டிரைவருக்கு வசவு வேறு.

கண் டாக்டர் தன்மையானவர். பார்த்துவிட்டு, "வலது கண்ணை எடுத்துடலாம். அதோட வலி போயிடும்" என்றார். இவர் விருட்டென்று எழுந்துவிட்டார். "வாணாங்க. அது எம்மூஞ்சிலதானே கெடக்குது, கெடக்கட்டும்."

இவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். வேறு வழி கிடையாதா என்று கேட்டேன். இருக்கிறதாம். கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு வலி நரம்பை மரத்துப்போகச் செய்வார்களாம். கண் அப்படியே இருக்கும். சில மாதம் தாங்கும், பிறகு வலித்தால் திரும்பப் போட வேண்டும்.

"அது என்ன மருந்துங்க?"

"ஸ்பிரிட்டும்மா. சுத்தமான சாராயம்னு வெச்சுக்கோயேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

24 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் கேட்டேன், அந்தக் கண்மேல் அப்படி என்ன ஆசை என்று.

"கனவுல எனக்கு எல்லாம் தெரியுது செண்பகம். ஷெட்டு, நெருப்பு, உன் மூஞ்சி, உன் ஊதாப் பொடவை. எந்தக் கண்ணால தெரியுது? இதாலதானே? நோண்டி எடுத்துட்டா எதால பாக்கறது?" கொஞ்சம் நடந்த பிறகு, "ஜெயம் மட்டும் முதுகக் காட்டிக்கினு நிக்கறா. என்னிக்கினா திரும்புவா" என்றார்.

பெற்ற மகள் முகத்தைப் பார்க்காதவர். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "தூங்கினாத்தானே கனவு வரும்? வலி உங்களை எங்க தூங்க விடுது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

2 ஆகஸ்ட்

ஊசிக்குச் சம்மதித்துவிட்டார். மருந்து என்னவென்று நான் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வேன்? ஜெயம் பிறந்தபோது நான் பிழைக்க மாட்டேன் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஷெட்டை விட்டால் சாராயக் கடை என்று கிடந்த மனுஷன், தட்டுத் தடுமாறி அந்தோணியார் கோயிலுக்குப் போய், "இவளக் குடு. இந்த உடம்புல இனிமே ஒரு சொட்டு சாராயம் ஏறாது" என்று பொருத்தனை வைத்தார். நான் பிழைத்தேன். அன்றிலிருந்து தொட்டதில்லை. மூக்குப்பொடி ஒன்றுதான் பாக்கி.

டாக்டர் கையில் இருந்தால் அது மருந்துதானே? மருந்துதான்.

13 ஆகஸ்ட், சனி

எல்லாம் நாசமாப்போச்சு.

விழுப்புரத்தில் டாக்டர் மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்தார். இவர் மூக்கு விடைத்தது. "இன்னா அது?" என்றார். நர்ஸம்மா சாதாரணமாக, "ஸ்பிரிட்டுங்க" என்றாள்.

"தொடைக்கறதுக்கா, ஏத்தறதுக்கா?"

டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "ஏத்தறதுக்குத்தான்" என்றார்.

இவர் எழுந்து நடந்தார். கதவில் போய் இடித்துக்கொண்டு நின்றார். "உனக்குத் தெரியுமா செண்பகம்?" என்றார், என் பக்கம் திரும்பாமலே. நான் பேசவில்லை. அதுவே போதும் அவருக்கு.

திரும்பி வரும்போது ஒரு ஸ்டேஷன் பேர்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு பேச்சு: "கண்ணு தெரியாதவன ஏமாத்தறது பெரிய காரியமா இன்னா."

15 ஆகஸ்ட், மாதா திருநாள்

தண்ணீர் வேண்டுமென்றால் ஜெயத்திடம் சொல்லி என்னிடம் கேட்கிறார். நான் இதோ, கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

20 ஆகஸ்ட், சனி

தலையைச் சுவரில் மோதிக்கொண்டார். ஜெயம் பார்த்துவிட்டு வீலென்று கத்தினாள். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அழுதேன், திட்டினேன். எடுக்கவும் வேணாம், ஊசியும் வேணாம்னா இப்படியே மோதிக்கினு சாவப் போறீங்களா?

"உன் உசுர வெச்சுத்தானேடி அந்தோணியாருகிட்ட கேட்டேன்" என்றார். "நான் சொன்ன சொல்லு மீறினா, அவரு குடுத்ததத் திருப்பிக் கேட்டார்னா? அப்ப நான் இன்னா பண்ணுவேன்?"

இவ்வளவு நாளும் வீம்பு என்றல்லவா நினைத்தேன். எனக்காக. என் உயிருக்காக இந்த வலியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். இது என் புத்தியில் படவே இல்லையே, நான் என்ன பொம்பளை?

"வெச்சது என் உயிருதானே? அப்போ நானே வந்து அவருகிட்ட பேசறேன். செவ்வாக்கிழமை கோயிலுக்குக் கெளம்புங்க" என்றேன்.

வெகு நேரம் கழித்து, "இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காத. நல்லதோ கெட்டதோ, உள்ளதச் சொல்லு. எனக்காகவும் நீதான் பாக்கணும்" என்றார். ஜெயம் தலையில் கை வைத்துச் சரி என்றேன்.

23 ஆகஸ்ட், செவ்வாய்

அந்தோணியார் முன்னால் முழந்தாள்படியிட்டு, இவர் காதிலும் விழும்படி வாய்விட்டே சொன்னேன்: "இவர் குடிக்கப் போகவில்லை. வலி தாங்காமல் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறார். அது குற்றமென்றால் கேட்டது நான்தான், என்னைக் கேளும்."

இவர் மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பியை எடுத்து, "அதுக்குப் பதிலா இத வுட்டுடறேன்" என்று சுரூபத்தின் காலடியைக் கையால் தடவிப் பார்த்து அங்கே வைத்தார். மணியடிக்கும் கோயில்பிள்ளை இருதயராஜ் ஓடிவந்து, "சாமிக்கு மூக்குப்பொடியா? இன்னாங்க இது பேஜாரு!" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவரும் சிரித்துவிட்டார். வாசலில் இருந்த ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு வந்தோம்.

27 ஆகஸ்ட், சனி

போட்டாயிற்று. ஐயோ, அந்தக் கத்தல். என் விரல்களை நெரித்துவிட்டார்.

30 ஆகஸ்ட்

கண் வீங்கி, இமை தொங்கிக் கிடக்கிறது. சில வாரத்தில் இமை தூக்கிக்கொள்ளும் என்று டாக்டர் முன்னமே சொன்னார். இவர் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணு இருக்குதா? உள்ளதச் சொல்லு" என்றார்.

"இருக்குதுங்க. வீங்கியிருக்கு. பார்க்கச் சகிக்கலை."

"வலி கொறஞ்சாப்பல இருக்குது" என்றார்.

12 செப்டம்பர்

நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் தூங்குகிறார். எழுப்ப மனம் வரவில்லை. விழித்தால் மூக்குப்பொடி இல்லாத கோபம் என்மேல்தான் விழும். விழட்டும்.

12 பிப்ரவரி 1939, ஞாயிறு

வலி மறுபடி தலைகாட்டியதால் போன மாதம் இன்னொரு ஊசி. இந்தத் தடவை முண்டியம்பாக்கம் வரை ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டுதான் போனார்.

இன்று எழுதவேண்டியது அது இல்லை.

காலையில் எழுந்ததும், "செண்பகம், ராத்திரி கனவுல ஜெயம் திரும்பினா" என்றார். பாயில் உட்கார்ந்தபடி கைகளால் காற்றைத் துழாவினார். "பாத்தேன். சுருட்ட முடி. மூக்கு உன்னாட்டம் சப்ப மூக்கு. கிட்ட வந்து நின்னுக்கினு சிரிச்சா. அவதானே? சொல்லு."

ஜெயம் என்னைப் பார்த்தாள். அவள் முடி ஒரு சுருள் கிடையாது. மூக்கோ அப்படியே இவர் மூக்கு. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லைங்க. அவளுக்கு நேர் முடி. மூக்கு உங்க மூக்கு" என்றேன்.

துழாவிய கைகளை இவர் மடியில் போட்டுக்கொண்டார். ஏண்டி சொன்னே என்று என்னையே வைதுகொண்டேன். பிறகு ஜெயத்தைப் பக்கத்தில் இழுத்து அவள் மூக்கைத் தடவினார். தன் மூக்கைத் தடவினார். மறுபடியும் அவள் மூக்கு. முடியை நெற்றியிலிருந்து பின்னல் நுனிவரை உருவிப் பார்த்தார்.

"அட, ஆமா" என்றார். "சரி வுடு. இன்னிக்கு ராத்திரி கனவுல திருத்திப் பாத்துக்கறேன்."

விளக்கு வைப்பதற்கு முன்பே பாயைப் போடச் சொல்லிவிட்டார்.