சி ஷிப்ட்டின் தேதி

பாசமுள்ள பாக்கியநாதன் மாமாவுக்கு,

ஐப்பசி பாதி போய்விட்டது. மில்லில் லாரி நிறுக்கும் எடைமேடை அறையின் வெள்ளைச் சுவரில் மறுபடியும் பூச்சிகள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டன. நேற்றுக் காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும்போது பார்த்தேன். பட்டாளத்தான் என்று நீ பெயர் வைத்தாயே, உடம்பெல்லாம் ராணுவச் சட்டை மாதிரி பச்சை வரி போட்ட பூச்சி, அது விளக்குக்குக் கீழே இரண்டு இருந்தது. கரிச்சான் குருவியும் வழக்கம்போல் கம்பியில் வந்து காத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் சைக்கிளை எடுத்தேன்.

உன்னைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் பொன்னேரி கல்லூரி மேடம். நம் வட்டாரத்துப் பூச்சிகள், பறவைகள் எல்லாவற்றையும் பட்டியலாக்கி ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். அதன் முதல் பக்கத்துக்காம். "நீங்க அவருக்கு மச்சான், அதே மில்லு, நீங்களே எழுதிடுங்க சார்" என்றார். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், உன்னைப் பற்றி ஊருக்கு எழுத வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் நீ கிரேன் ஓட்டினாய், நான் ஷிப்ட் இன்சார்ஜ். என் அக்கா ரோசியைக் கட்டியவன் நீ. வேலையில் நான் உனக்கு மேலே, வீட்டில் நீ எனக்கு மேலே. அந்தக் குழப்பத்தை இரண்டு பேரும் சிரித்தே சமாளித்தோம்.

எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு மழைக்காலத்தில் சுவரோரம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவை நீ நிறுத்தினாய். முறம் நிறைய இறக்கைகள். கரிச்சானும் பல்லியும் தின்றுபோட்ட மிச்சம். "இவ்ளோ றெக்க கெடக்குதுன்னா, எவ்ளோ வந்திருக்கும் அந்தோணி?" என்றாய். மறுநாள் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாய். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் படம் எடுக்க வழியில்லை. பென்சிலால் வரைந்தாய். என்ன பூச்சி, எத்தனை, மழையா காற்றா, கூட யார் பார்த்தது, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம்.

"இன்னா மாமா, பூச்சிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கினு இருக்கியா?" என்று கிண்டல் செய்தேன். "நமக்கு எடுக்கறாங்க இல்ல? அதுங்களுக்கு யாரு எடுக்கறா?" என்றாய். நான் அப்போது சிரித்தேன். ஆனால் அடுத்த வாரமே நானும் உன்னோடு சுவர் முன்னால் நின்றேன்.

ஐந்து மழைக்காலம் எழுதினாய். சி ஷிப்ட் வாரத்தில், ராத்திரி வேலை முடிந்து ஆறு மணிக்கு, சுவரில் இருக்கும் பூச்சிகள். ஏ ஷிப்ட் வாரத்தில் மத்தியானம் வேலை முடிந்ததும் சாலையோரத்துத் தட்டான்கள். பி ஷிப்ட் வாரத்தில் சாயங்கால டீக்கு வெளியே வந்தால் மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகள். ஆறு நோட்டு சேர்ந்தது. ஊருக்குள் யாரும் கேட்காத கணக்கை இவ்வளவு ஒழுங்காக எழுதியவனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

போன வருஷம் மேடம் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கியபோது உன் முகத்தை நீயே பார்த்திருக்க வேண்டும். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பொன்னேரிக்கு வந்தாய். அங்கேதான் அது நடந்தது.

மேடத்தோடு இருந்தவர்களில் ஒருவர் உன் நோட்டையும் வானிலை ஆபீஸ் மழைக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். "செவ்வாய்க்கெழம விடிகாலை கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு, சுவரே தெரியாத அளவுக்குப் பூச்சின்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லையே. மழை புதன்கிழமைதான். இது மாதிரி இன்னும் நிறைய இருக்கு. சில வாரம் சரியா இருக்கு, சில வாரம் மாறிப்போகுது" என்றார். குரலை உயர்த்தவில்லை. வீட்டில் உட்கார்ந்து தோராயமாக எழுதியது என்று அவர் நினைத்தது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

நீ சொன்னது ஒன்றுதான். "நான் கண்ணால பாத்ததத்தான் சார் எழுதினேன். எனுக்கு அது செவ்வாய்க்கெழமதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய்.

நான் என்ன சொன்னேன்? எனக்கு அந்த அறையில் கூச்சமாக இருந்தது. படித்தவர்கள் நடுவே நம் ஆள் மாட்டிக்கொண்டானே என்றிருந்தது. எப்படியாவது பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்று, சிரித்துக்கொண்டே, "மாமா கொஞ்சம் முன்ன பின்ன எழுதுவாரு சார், உட்ருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நீ நோட்டுகளை அடுக்கிப் பைக்குள் போட்டாய். ரயிலில் கவரைப்பேட்டையில் இறங்கும் வரைக்கும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதற்கப்புறம் நீ என்னிடம் பேசாமல் இல்லை. வேலைப் பேச்சு பேசினாய், சாப்பிட்டாயா என்று கேட்டாய். சுவர்ப் பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் ஒரு நாள் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். பங்குனியில் உனக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ தாங்கவில்லை.

அக்கா நோட்டுகளை என்னிடம் கொடுத்தது ஆடி மாதத்தில். ஏழாவதாக ஒரு நோட்டு இருந்தது மாமா. பொன்னேரிக்குப் போய் வந்த மறுவாரத்திலிருந்து நீ இறந்த வாரம் வரைக்கும் எழுதியிருக்கிறாய். விடவேயில்லை. சுவரைத் தாண்டிப் போகும்போது நான் சும்மா ஒரு நிமிஷம் நின்ற நாட்களில், கூடப் பார்த்தவர் கட்டத்தில் 'அந்தோணி' என்று எழுதி வைத்திருக்கிறாய். ஏன் எழுதினாய்? கோபமாக இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே.

அன்று அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டே, தேதி மாறிப்போனதைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "அது இன்னா அதிசயம்? நைட் ஷிப்ட்டுன்னா விடிஞ்சி ஊட்டுக்கு வந்தாலும் அந்தாளுக்கு நேத்து தேதிதான். பால் கார்டுல நேத்து கட்டத்துலயே கோடு போட்டுட்டு, மாசக் கடைசில பால்காரனாண்ட ஒரே பேஜாரு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். மில்லில் சி ஷிப்ட் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஆறுக்கு முடியும். நடுவில் தேதி மாறும். ஆனால் லாக் புத்தகத்தில் ஆறு மணி வரைக்கும் ஆரம்பித்த நாளின் தேதிதான் போடுவோம். செவ்வாய் ராத்திரி உள்ளே போனவனுக்குப் புதன் விடிகாலையும் செவ்வாய்தான். பதினெட்டு வருஷமாக அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நான். புதுசாக வந்த பையன்கள் மறுநாள் தேதி போட்டால் கத்துகிறவனும் நான்தான். நீ மில் வழக்கப்படி எழுதியிருக்கிறாய். என் கண்ணுக்கு அது படவில்லை. உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கத்தான் எனக்கு வாய் வந்தது.

எந்த வாரம் உனக்குச் சி ஷிப்ட் என்று பழைய கணக்கு வேண்டும். அதுவும் அக்காவிடமே இருந்தது. எந்த நேரத்துக்குச் சமைப்பது என்று தெரிய, கோயிலில் கொடுக்கும் காலண்டரில் வாராவாரம் ஏ, பி, சி என்று எழுதி வைப்பாளே. பழையதைக் கழற்றாமல் அதே ஆணியில் புதுசை மாட்டிக்கொண்டே போயிருக்கிறாள். ஐந்து வருஷமும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தது. நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து, சி வாரங்களில் எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போட்டோம். பத்து நாள் ஆயிற்று. மேடத்திடம் கேட்டு வாங்கிய மழைக் குறிப்போடு வைத்துப் பார்த்தால், மழை எல்லாம் அதனதன் நாளில் போய் உட்கார்ந்தது மாமா. ஒன்றுகூடப் பிசகவில்லை.

மேடம் வீட்டுக்கே வந்தார். நோட்டையும் காலண்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "அவர் சரியாத்தான் எழுதியிருக்கார்மா. நாங்கதான் தப்பாப் படிச்சோம்" என்றார். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உன் பதிவுகள் அத்தனையும் உன் பெயரிலேயே புத்தகத்தில் வருகின்றன.

வாசல் வரைக்கும் கொண்டுவிடப் போனேன். மேடம் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்: "நீங்களும் அதே மில்லுதானே சார்? அன்னைக்கே ஏன் சொல்லலை?" நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. பொன்னேரியிலிருந்து வந்த அன்றைக்கு நீ அக்காவிடம், "கணக்கு முன்ன பின்ன இருக்குதுன்னு சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். "யாரு சொன்னாங்கன்னு நானும் தொளச்சி தொளச்சி கேட்டேன் தம்பி. வாயே தொறக்கல. பேர் தெரிஞ்சா நானே போயி நாலு கேட்டுட்டு வருவேன்னு பயம்போல" என்கிறாள். இப்போதும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த முகம் தெரியாதவனைத் திட்டுகிறாள். "எந்தப் பாவி வாய்க்கொழுப்புல சொன்னானோ, எம் புருசன் நெஞ்சு அன்னிக்கே ஒடஞ்சிடுச்சு" என்கிறாள். எதிரே உட்கார்ந்து அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு தலையாட்டுகிறேன். நீ ஏன் மறைத்தாய் மாமா? என்னைக் காப்பாற்றவா, அவளுக்குத் தம்பி இல்லாமல் போய்விடக் கூடாது என்றா?

நாளை கல்லறைத் திருநாள். நீ போன பிறகு வரும் முதல் திருநாள். சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, சுற்றிலும் புல் செதுக்கிவிட்டேன். செவந்திப்பூ பக்கத்து ஆரணிச் சந்தையிலிருந்து வாங்கி வந்திருக்கிறாள் அக்கா. மெழுகுவத்தி ஏற்றி, கோயில் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்துவிட்டுப் போனதும், எல்லோரும் அவரவர் கல்லறையோரம் உட்காருவார்கள்.

இந்தக் கடிதம் அச்சாகி, அவள் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக்கு உன் தலைமாட்டில் உட்கார்ந்து நானே அவளுக்கு வாசிக்கிறேன். பொன்னேரியில் நான் சொன்ன அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் படிக்க மாட்டேன், குரலைத் தாழ்த்தவும் மாட்டேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் வீட்டுப் படி ஏறாதே என்றால் ஏற மாட்டேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

நாளையிலிருந்து அவளுக்கு நான் தம்பியோ இல்லையோ, என்றைக்கும்

உன் மச்சான்,
அந்தோணி